வெனீர்: டிரில் தொடுவதற்கு முன்பும் பின்பும்

முட்டையை உடைக்கும்போது ஓட்டின் ஓரத்தைக் கவனித்திருப்பீர்கள். ஏறத்தாழ 0.3, 0.4 மி.மீ. கனம்தான் இருக்கும். சிரிப்பு அழகாக இருக்க முன்பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடான பீங்கான் வெனீரும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான்: பெரும்பாலும் 0.3 மி.மீ. முதல் 0.7 மி.மீ. வரை. கையில் வைத்து லேசாக அழுத்தினால் பட்டென்று உடைந்துவிடும். அதையே பல்லோடு சரியாக ஒட்டிவிட்டால் பத்து, பதினைந்து வருடம் தாக்குப்பிடிக்கும். பலமெல்லாம் ஒட்டில்தான் இருக்கிறது. இது ஒன்று மனதில் நின்றுவிட்டால் பல் மருத்துவர் சொல்வதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். வழக்கமான வெனீருக்கு இடம் செய்வதற்காகப் பல்லின் மேலோடான எனாமலை மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். எனாமலுக்கு உயிரணு கிடையாது. சீவியது மறுபடி வளராது. அப்படிச் சீவிய பல்லுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு மூடி தேவைப்படும். டிரில் தொடும் அந்த நிமிடம் வரை எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்று எழுந்தும் வந்துவிடலாம். அப்புறம் முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த நிமிடத்துக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேல்வரிசையில் நான்கு வெனீர் இருக்கின்றன. முதலில் போன இடத்தில் இரண்டு நிமிடம் வாயைப் பார்த்துவிட்டு, "பத்துப் பல்லுக்கும் போட்டுடலாம் சார், நாளைக்கே ஆரம்பிக்கலாம்" என்றார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்துப் போன மருத்துவர், "நாலு போதும். ஆனா அதுக்கு முன்னாடி மூணு மாசம் வேற வேலை இருக்கு" என்றார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த எரிச்சலின் பலனாக ஆறு பற்கள் தப்பித்தன.

எது பிடிக்கவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"என் சிரிப்பு பிடிக்கவில்லை" என்று போய் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த வைத்தியம்தான் உங்களுக்குக் கிடைக்கும். வீட்டில், பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து நின்று நாலு படம் எடுங்கள்: உதட்டைத் தளர்த்தி, லேசாகச் சிரித்து, வாய்விட்டுச் சிரித்து, பக்கவாட்டில். ஒரு நிமிடம் பேசுவதையும் வீடியோ எடுங்கள். செல்ஃபி கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் நடுப்பல் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். வேறு யாரையாவது சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, உறுத்துவது நிறமா, வடிவமா, வரிசையா, ஈறா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நிறம் மட்டும்தான் என்றால் முதலில் பிளீச்சிங். பல்லின் அச்சுக்குச் செய்த தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை விட்டு இரவில் அணிந்துகொள்வது பழைய, நம்பகமான முறை. இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். பலருக்கு இதோடு ஆசை தீர்ந்துவிடுகிறது. வெள்ளைத் திட்டுகள் மட்டும் இருந்தால், மேற்பரப்பை மிக மெல்லிசாகத் தேய்த்தெடுப்பது, அல்லது திட்டுக்குள் ரெசின் என்ற பிசினை ஊறவைத்து மறைப்பது என்ற வழிகள் இருக்கின்றன. வேர் சிகிச்சை செய்த ஒரே ஒரு பல் கறுத்திருந்தால் அதை உள்ளிருந்தே வெளுக்க முடியும்.

வரிசை கோணல் என்றால் கம்பியோ, பல்லை மெல்ல நகர்த்தும் ஒளிபுகும் தட்டான அலைனரோதான் நேர்வழி. "இரண்டே வாரத்தில் நேரான பல்" என்று யாராவது சொன்னால், பல் நகரப்போவதில்லை, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சீவித் தள்ளப்போகிறார்கள் என்று அர்த்தம். சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரிகிறது என்பது உங்கள் குறையானால், பெரும்பாலும் ஈறைத் திருத்துவது பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஒரு முனை மட்டும் உடைந்திருந்தால், பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டை வைத்து ஒரே உட்காரலில் கட்டிவிடலாம். (தெத்துப்பல்லோடு சிரிப்பவர்களைப் பார்த்து ஊரே கிறங்குகிறது. ஆனால் அவர்கள்தான் முதல் ஆளாக அதைச் சரிசெய்யக் கிளம்புகிறார்கள். உங்கள் பல், உங்கள் இஷ்டம்.)

சரி, வெனீருக்கு நிஜமாகவே இடம் எங்கே? பிளீச்சிங்கில் போகாத ஆழமான கறை, குறிப்பாகச் சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் பட்டைபட்டையாகப் படிந்த சாம்பல், பழுப்பு நிறம், முனை தேய்ந்து குட்டையாகிப்போன பற்கள், நடுப்பல்லை ஒட்டி, பிறவியிலேயே முளைபோலச் சிறுத்த பக்கப்பல், சிறிய சந்துகள், நிறம் மாறிய பழைய அடைப்புகள். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்திருந்தால் வெனீரைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

முதல் பரிசோதனை

நல்ல மருத்துவர் முதல் நாளில் அழகைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுவார். சொத்தை இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார். மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்ப்பார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படிச் சந்திக்கின்றன என்று கவனிப்பார். காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறதா என்று கேட்பார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு வெனீர் சில்லுப்போவதும் உடைவதும் அதிகம். தனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்களைக் கேட்டால் தெரியும், அல்லது பல்லின் முனை அரம் போட்டதுபோல் தட்டையாக இருப்பது காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு வெனீரே கூடாது என்றில்லை. இரவில் போடும் பாதுகாப்புத் தட்டு இல்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

ஈறில் ரத்தம் வந்தால் அதைக் குணப்படுத்திய பிறகே அடுத்த வேலை. இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ஒட்டும் நேரத்தில் ஒரு சொட்டு ரத்தமோ எச்சிலோ பட்டால் பிடிமானம் கெட்டுவிடும். வீங்கிய ஈறு பின்னால் சுருங்கும்போது வெனீரின் ஓரமும் வெளியே தெரியவரும். எனக்கு மூன்று மாதம் போனது இதில்தான்: காரையைச் சுரண்டி எடுத்தார்கள், தேய்க்கும் முறையை மாற்றச் சொன்னார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். வளரும் வயதில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தள்ளிப்போடுவது நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும் பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; அவசரச் சிகிச்சை கிடையாதே.

எனாமலைப் பற்றி இவ்வளவு அக்கறை ஏன்?

இதற்கு ஒரு குட்டி வரலாறு இருக்கிறது. 1920களின் இறுதியில் கலிபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், திரைப்பட நடிகர்களுக்காகப் பல்லின் முன்னால் பொருத்தும் மெல்லிய முகப்புகளைச் செய்துகொடுத்தார். பல்செட்டை ஒட்டவைக்கும் பொடியால் ஒட்டிக்கொள்வார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். நிரந்தரமாக ஒட்ட அன்றைக்கு வழியே இல்லை. 1955-ல் மைக்கேல் பியூனோகோர், எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவிக் கழுவினால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுகின்றன, ரெசின் அவற்றில் புகுந்து இறுகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில், பீங்கானின் உள்பக்கத்தையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அதேபோல் சொரசொரப்பாக்க முடியும் என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் பிடிப்புக் கிடைத்ததும் இன்றைய வெனீர் வந்துவிட்டது.

இந்தப் பிடிப்பு எனாமலில்தான் மிக உறுதியாக, வருடக்கணக்கில் நிற்கிறது. எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் வரை சீவிவிட்டால் ஒட்டு பலவீனமாகும், பல்லும் கூசும். பல்லின் முனைப்பக்கம் எனாமல் ஏறத்தாழ 1 மி.மீ. இருக்கும், ஈறை ஒட்டிய பகுதியில் 0.3, 0.4 மி.மீ.தான். அங்கே அரை மில்லிமீட்டர் அதிகமாகச் சீவினால் எனாமல் தீர்ந்துபோய்விடும். உங்கள் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "எந்த இடத்தில் எவ்வளவு சீவுவீர்கள், எனாமலுக்குள்ளேயே நிற்குமா?"

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. வெனீர் என்று சொல்லிவிட்டு கேப்புக்குச் சீவுகிற இடங்கள் இருக்கின்றன. கேப் என்பது பல்லைச் சுற்றிலும் மூடும் தொப்பி. முன்பல்லில் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் எடையில் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வெனீருக்கு, அதன் வகையைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம் வரை. முழுக் கேப்புக்கு 60 சதவீதத்துக்கு மேல். சீவிய பற்கள் சுறாமீன் பல்போலக் கூம்பாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கேப்புக்குச் சீவியவை. பல் ஏற்கெனவே பாதி உடைந்திருந்தால் கேப் நியாயம்தான். நல்ல பல்லை அப்படிச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். "சீவிய பிறகு என் பல் எப்படியிருக்கும், படம் காட்டுங்கள்" என்று கேட்டால் எந்த வேலை நடக்கப்போகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பல் மருத்துவப் பட்டம் இல்லாமல் அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் வெனீர் ஒட்டுகிறவர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

காம்போசிட்டா, பீங்கானா?

காம்போசிட் என்பது அடைப்புக்குப் பயன்படுத்தும் அதே ரெசின். மருத்துவர் நாற்காலியிலேயே அடுக்கடுக்காக வைத்து, வடிவம் கொடுத்து, மெருகேற்றுவார். பல நேரம் ஒரே உட்காரலில் முடியும். பல்லை மிகக் குறைவாகச் சீவினால் போதும், சிலருக்குச் சீவவே வேண்டாம். சில்லுப்போனால் அங்கேயே ஒட்டுப்போடலாம். விலையும் குறைவு. குறை என்னவென்றால் காபி, டீ, புகையில் நிறம் பிடிக்கும், மெருகு மங்கும், பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். செய்பவரின் கைத்திறமையை முழுக்க நம்பியிருக்கிற வேலை இது.

பீங்கான் வெனீர் ஆய்வகத்தில் தயாராகிறது. ஃபெல்ட்ஸ்பார் பீங்கானைக் கையால் அடுக்கிச் செய்வது ஒரு வகை; ஒளி ஊடுருவும் விதம் நிஜப் பல்லுக்கு மிக அருகில் வரும், ஆனால் உறுதி குறைவு. இப்போது அதிகம் புழங்குவது லித்தியம் டைசிலிகேட். ஈமேக்ஸ் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைவிட உறுதி, அழகும் நன்றாக வரும். சிர்கோனியா இரண்டையும்விட வலுவானது; ஆனால் அதில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் நான் மேலே சொன்ன அமிலம் அதில் வேலை செய்யாது, ஒட்டுவதற்கு வேறு முறை வேண்டும். மெல்லிய வெனீருக்கு அது முதல் தேர்வாக வருவது குறைவு.

பீங்கானில் கறை பிடிக்காது. நன்றாகச் செய்து எனாமலில் ஒட்டியவற்றில் பெரும்பாலானவை பத்து வருடத்துக்கு மேல் நிற்கின்றன. ஆனாலும் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்தில் போட்டால் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரலாம். ஒவ்வொரு முறையும் பல்லில் இன்னும் கொஞ்சம் குறையும். இளவயதுக்காரர்கள் முதலில் காம்போசிட்டில் சில வருடம் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

எத்தனை பல்? வாய்விட்டுச் சிரிக்கும்போது எத்தனை தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ஆறு, எட்டு, பத்து என்று ஆளுக்கு ஆள் மாறும். தெரிவதெல்லாம் போட வேண்டியவையும் கிடையாது. மற்றவற்றைப் பிளீச் செய்துவிட்டு, குறையுள்ளவற்றுக்கு மட்டும் அந்த நிறத்துக்குப் பொருந்தும்படி வெனீர் போடலாம். ஒற்றை முன்பல்லுக்கு மட்டும் போடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பக்கத்திலிருக்கும் இரட்டைப் பல்லோடு அச்சாகப் பொருந்த வேண்டும். அதை முதல் முயற்சியிலேயே சரியாகச் செய்துவிடுவேன் என்று சொல்கிறவரைவிட, இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டிவரலாம் என்று சொல்கிறவரை நான் நம்புவேன்.

நிறமும் வடிவமும்

பிளீச்சிங் செய்வதாக இருந்தால் வெனீருக்கு முன்னால் செய்யுங்கள். ஒட்டிய பீங்கானைப் பிறகு வெளுக்க முடியாது. பிளீச் முடிந்து குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். நிறம் நிலைக்க நேரம் வேண்டும் என்பது ஒன்று. பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும் என்பது இன்னொன்று.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க வீட்டா என்ற நிறுவனத்தின் நிறக்கோல் பரவலாகப் பயன்படுகிறது. ஏ1 முதல் டி4 வரை 16 நிறங்கள். ஏ வரிசை செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக்கூட அடர்த்தி கூடும். பிளீச் செய்த பற்களுக்கென்று இதைவிட வெளுப்பான நிறங்களும் தனியாக உண்டு.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்துவிடும், காய்ந்த பல் நிஜத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அதனால் நிறம் பார்க்கும் வேலை அன்றைய சந்திப்பில் முதலாவதாக நடக்க வேண்டும். உட்கார்ந்து அரைமணி நேரம் வேலை செய்த பிறகு நிறக்கோலை எடுத்தால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா என்று தயங்காமல் கேளுங்கள். ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில், உதட்டுச்சாயம் இல்லாமல், பளீர் நிற உடை இல்லாமல் பாருங்கள். கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுப்பாக இருந்தால் சிரிப்புக்கு முன்னால் பல்தான் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் சரி.

வடிவத்தில் நடு இரண்டு பற்களும்தான் ராஜா. அவற்றின் அகலம் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பக்கப்பல் கொஞ்சம் குட்டை, கோரைப்பல் மறுபடி நடுப்பல் உயரத்துக்கு வரும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டால் பியானோக் கட்டை மாதிரி ஆகிவிடும். முனைப்பக்கம் லேசான கண்ணாடித்தன்மை, ஒரு பல்லில் துளி சாய்வு என்று சின்னச் சின்னக் குறைகளை வேண்டுமென்றே கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆய்வகக்காரர் இதில் கலைஞர்.

ஒத்திகை: இதைத் தவிர்க்காதீர்கள்

உங்கள் பல்லின் மாதிரி அச்சில் மெழுகாலோ, கணினியிலோ புது வடிவத்தை முதலில் செய்வார்கள். அதன் மேல் சிலிக்கான் அச்சு எடுத்து, அதற்குள் தற்காலிக ரெசினை நிரப்பி, உங்கள் பல்லின் மேல் வைத்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். பல்லைத் துளிகூடச் சீவாமல் புதுச் சிரிப்பு வாயில் வந்து உட்காரும். பிடிக்காவிட்டால் பெயர்த்து எடுத்துவிடலாம். மாக்கப் என்று இதைச் சொல்கிறார்கள். கணினித் திரையில் காட்டும் படம் இதற்கு ஈடாகாது. படம் பேசாது, கடிக்காது.

எனக்கு மாக்கப் வைத்த அன்று கண்ணாடியைப் பார்த்ததும் பிரமாதம் என்றுதான் தோன்றியது. மருத்துவர் கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு, "பேசுங்க" என்றார். "ஃபோன், ஃபைல், வீடு, வாசல்" என்று சொல்லச் சொன்னார். "ஃப" சொல்லும்போது மேல் முன்பல்லின் முனை கீழுதட்டின் ஈரமும் வறட்சியும் சந்திக்கும் கோட்டில் மெல்லத் தொட வேண்டுமாம். எனக்கு அது உதட்டுக்கு வெளியே போய் இடித்தது. "பஸ், சைஸ்" சொன்னால் விசில் வந்தது. நடுப்பல் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம். அங்கேயே ஒரு தேய்ப்புக் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மூன்றாவது தடவையில் விசில் நின்றது. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பீங்கான் ஒட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உதறுகிறது.

மாக்கப்போடு வெளியே போக அனுமதித்தால் போய் வாருங்கள். வீடியோ எடுங்கள். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறவர் ஒருவரிடம் காட்டுங்கள். உதட்டைத் தளரவிட்டால் மேல்பல் கொஞ்சம் தெரிய வேண்டும். இளவயதில் 2 முதல் 4 மி.மீ. வரை தெரிவது சகஜம், வயதாக ஆகக் குறையும். பிடிக்கும் வரை மாற்றச் சொல்லுங்கள். பிடித்த வடிவத்தை அச்செடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள்.

பணம் பேசுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு பல்லுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. மாக்கப், தற்காலிக வெனீர், இரவுத் தட்டு எல்லாம் அதில் அடக்கமா? நிறம் பொருந்தாவிட்டால் மறுபடி செய்வதற்குத் தனிக் காசா? ஒரு வருடத்துக்குள் கழன்றால்? எழுதி வாங்குங்கள்.

சீவும் நாள்

மரத்துப்போக ஊசி போடுவார்கள். மிகக் குறைவாகச் சீவும் பல்லாக இருந்தால் ஊசியே இல்லாமலும் நடக்கும். கவனமான மருத்துவர், மாக்கப்பை வாயிலேயே வைத்து அதன் மேலிருந்து ஆழம் குறித்த டிரில்லால் கோடுகள் போட்டுச் சீவுவார். இதன் வசதி என்னவென்றால், புது வடிவத்துக்குத் தேவையான அளவு மட்டுமே கழியும். பல் ஏற்கெனவே உள்வாங்கியிருக்கிற இடத்தில் டிரில் பல்லைத் தொடாமலே போகும். அப்புறம் ஸ்கேனராலோ அச்சுப்பசையாலோ அளவு எடுப்பார்கள். நான்கு பல்லுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வலி இல்லை. வாயைத் திறந்து திறந்து தாடைதான் களைத்துப்போனது.

ஆய்வகத்திலிருந்து வெனீர் வரும் வரை, பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம், தற்காலிக ஓடுகள் போட்டு அனுப்புவார்கள். இவை இலேசாகத்தான் ஒட்டியிருக்கும். முன்பல்லால் எதையும் கடிக்காதீர்கள், துண்டாக்கிக் கடைவாய்ப்பல்லில் மெல்லுங்கள். மென்மையான பிரஷ்ஷால் ஈறோரம் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒட்டும் நாளில் ஈறு வீங்கியிருந்தால் தேதி தள்ளிப்போகும். ஓடு கழன்றால் கடையில் விற்கும் சூப்பர் பசையைத் தொடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இந்த வாரங்களையும் ஒத்திகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமோ வடிவமோ உறுத்தினால் ஆய்வகத்துக்குச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

ஒட்டும் நாள்

முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்ப்பார்கள். நிறமுள்ள சோதனைப் பசையை உள்ளே தடவி வைத்தால், ஒட்டிய பிறகு எப்படித் தெரியும் என்று கண்டுபிடித்துவிடலாம். வெனீர் மெல்லியதாகையால் பசையின் நிறமும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இது. எனக்கு ஒரு பக்கப்பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒளி புகாமல் நின்றது. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். அதைத் திருப்பி அனுப்பினார்கள், பத்து நாள் கூடப் போனது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

சம்மதம் சொன்னதும் வேலை வேகமெடுக்கும். வாய்க்கு வெளியே பீங்கானின் உள்பக்கத்துக்கு ஹைட்ரோபுளோரிக் அமிலம், கழுவி, பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சைலேன் பூச்சு. வாய்க்குள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்போ பஞ்சோ வைத்து எச்சில் வராமல் தடுத்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல் சில நொடிகள். நாக்கில் பட்டால் புளிக்கும். கழுவி உலர்த்தி, ஒட்டுத்திரவம் தடவி, ரெசின் சிமென்ட்டோடு வெனீரை அமர்த்தி, நீல விளக்கைக் காட்டினால் நொடிகளில் இறுகிவிடும். வழிந்த சிமென்ட்டைச் சுரண்டி, பல் இடுக்கில் நூல் விட்டுப் பார்த்து, கலர்த் தாளைக் கடிக்கச் சொல்லி உயரமான புள்ளிகளைத் தேய்ப்பார்கள். கிளம்புவதற்கு முன் நாக்கை ஈறோரமாக ஓட்டிப் பாருங்கள். நகத்தில் மாட்டுகிறாற்போல் விளிம்பு தட்டினால் அப்போதே காட்டுங்கள்.

முதல் சில நாள் உதடு எதிலோ இடிப்பதுபோல் இருக்கும், குளிர்ந்த தண்ணீர் கூசும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காத கூச்சம், கடிக்கும்போது ஒரே பல்லில் வலி, ரத்தம் கசியும் ஈறு, இந்த மூன்றுக்கும் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

பராமரிப்பு

வெனீருக்குச் சொத்தை வராது. அதன் ஓரத்தில் இருக்கும் பல்லுக்கு வரும். ஆகவே தினமும் இரண்டு முறை மென்மையான பிரஷ், தினமும் ஒருமுறை இடுக்கில் நூல். கரித்தூள் கலந்தது போன்ற சொரசொரப்பான பற்பசைகள் பீங்கானின் மெருகைக் கீறும், காம்போசிட்டை இன்னும் சீக்கிரம் மங்கவைக்கும். சுத்தம் செய்யப் போகும் ஒவ்வொரு முறையும், புது ஆளாக இருந்தால் முக்கியமாக, "எனக்கு வெனீர் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். அமிலம் கலந்த ஃபுளோரைடு ஜெல் பீங்கானை அரிக்கும், அதற்குப் பதில் அமிலமற்ற ஃபுளோரைடைப் பயன்படுத்துவார்கள்; சுத்தம் செய்யும் கருவியையும் விளிம்பில் கவனமாக ஓட்டுவார்கள்.

நகம் கடிப்பது, பேனா முனை கடிப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது, ஐஸ் கட்டியை நொறுக்குவது ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவுத் தட்டைத் தினமும் போடுங்கள். பெட்டியில் வைத்திருந்தால் பல்லைக் காப்பாற்றாது. காலப்போக்கில் பக்கத்து நிஜப் பற்கள் மஞ்சளிக்கும், பீங்கான் அப்படியே நிற்கும். அப்போது அவற்றை மட்டும் லேசாகப் பிளீச் செய்து சமன் செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும்.

ஏதாவது ஆகிவிட்டால்

வெனீர் முழுசாகக் கழன்று வந்தால் அது நல்ல சேதி. பெரும்பாலும் சுத்தம் செய்து மறுபடி ஒட்டிவிடலாம். கழுவித் துடைத்து ஒரு சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. முனை சில்லுப்போனால் சின்னதைத் தேய்த்துச் சரிசெய்வார்கள், கொஞ்சம் பெரியதைக் காம்போசிட்டால் நிரப்புவார்கள். குறுக்கே விரிசல் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். ஈறோரம் பழுப்புக் கோடு தெரிந்தால் சிமென்ட்டில் கறை ஏறியிருக்கலாம், அடியில் சொத்தை தொடங்கியும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக ஒரு தாளை மறக்காமல் வாங்கி வையுங்கள். எந்தப் பீங்கான், எந்த நிறம், எந்தச் சிமென்ட், எந்தெந்தப் பல், எந்தத் தேதியில் ஒட்டினார்கள் என்று எழுதிய தாள். சீவுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே, படங்கள், ஸ்கேன் கோப்பு ஆகியவற்றின் நகலையும் கேளுங்கள். பத்து வருடம் கழித்து ஒரே ஒரு பல்லில் மட்டும் மாற்ற நேரும்போது, வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.